படகில் நனைந்ததா?

நெடுந்தீவு,
14.09.2003

அன்புள்ள மச்சான் றஜீபனுக்கு,

அந்தோனியார் காவலில் இங்கே அம்மா, தங்கச்சி அன்ரனிட்டா, நான் மூன்று பேரும் சுகம். குருநகரில் வின்சன்ற் மாமா, மாமி, நீ எல்லோரும் அப்படியே இருக்க மன்றாடுகிறோம். மாமாவின் முழங்கால் நோ குறைந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னா. தமையனுக்கென்று ஒடியல் மாவும் பாரைக் கருவாடும் கட்டி வைத்திருக்கிறா.

மோட்டார் சைக்கிள் பத்திரமாக வந்து சேர்ந்தது. துறையில் இறக்கும்போது கூடிய சனத்தை நீ பார்த்திருக்க வேண்டும், கொடியேற்றத்துக்குக்கூட அவ்வளவு பேர் வருவதில்லை. இன்றைக்குப் பூசை முடிந்ததும் சுவாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அம்மா பெற்றோல் தாங்கியைத் தொட்டு, கையை வாயில் ஒற்றி முத்தி செய்தா. அன்ரனிட்டா சிரித்துக்கொண்டு நின்றாள்.

என் பாடு உனக்குத் தெரியும். தெற்குக் கரையில் படுகிற மீன் விடிய வெள்ளனத் துறைக்குப் போய் முதல் படகில் ஏறவேண்டும். இந்தத் தீவில் ஐஸ் கிடையாது. படகு போனால் மீனும் போச்சு. இத்தனை வருசமும் பெட்டியைக் கட்டிக்கொண்டு சைக்கிள் உழக்கி என் கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. நீ வேலை செய்கிற கடையில், உன் சொல்லில் வாங்கியபடியால் எனக்கு மனம் ஆறுதல். மாசியில் தவக்காலம் தொடங்குமுன் நீ அன்ரனிட்டாவைக் கட்டி இந்த வீட்டு மருமகனாகிவிடுவாய். வேறு யாரை நம்புவது?

ஒன்றே ஒன்று. மூன்றாம் நாளிலிருந்து இஞ்சின் சூடேற இருமத் தொடங்குகிறது. பிறகு சரியாகிறது. புதுசுக்கு அப்படித்தானோ? தெரிந்தால் எழுது.

இப்படிக்கு,
அன்பு மச்சான்
டெனிஸ்ரன்


குருநகர்,
யாழ்ப்பாணம்.
22.09.2003

பிரியமுள்ள மச்சான் டெனிஸ்ரனுக்கு,

உன் கடிதம் கண்டு மெத்த மகிழ்ச்சி. இங்கு யாவரும் நலம். அப்பாவின் முழங்கால் நோ ஒடியல் கூழைக் கண்டால் ஓடிவிடும் என்று அவரே சொல்கிறார். அனுப்பிவிடுங்கள்.

இஞ்சின் இருமுவதெல்லாம் புது வண்டியின் இயல்பு. குழந்தைப் பிள்ளை மாதிரி, தவழ்ந்து பழகத்தான் வேண்டும். வேகமாக ஓடாதே. சுவாமியார் தீர்த்தம் தெளித்தது சரி, ஆனால் இஞ்சினுக்கு வேண்டியது நல்ல ஒயில். மாமிக்கு அந்தக் காலத்து நம்பிக்கைகள். எனக்கு இந்த மந்திரம் மாயம் ஒன்றிலும் நம்பிக்கையில்லையென்று உனக்குத் தெரியும்தானே.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். படகில் கொண்டு போகும்போது நனைந்ததா? கொஞ்சமாவது அலை அடித்திருக்குமே? எதற்கும் அடுத்த கடிதத்தில் அதைப்பற்றி எழுது. ஆறு மாத வொறன்ரி இருக்கும்வரை நீ ஒன்றுக்கும் பயப்படத் தேவையில்லை. நான் இங்கே விற்பனைப் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறேன் என்பதை மறவாதே. முதலாளி என் சொல்லைத் தட்டமாட்டார்.

அன்ரனிட்டாவின் படம் ஒன்று கேட்டிருந்தேன், இன்னும் வரவில்லை. அவளை விசாரித்ததாகச் சொல்லவும்.

உன் அன்பு மறவாத
றஜீபன்


நெடுந்தீவு,
09.10.2003

அன்புள்ள மச்சான் றஜீபனுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு அம்மா செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறா. படகில் மோட்டார் சைக்கிள் நனையவில்லை. தார்ப்பாய்ப் படங்கால் மூடி, நிமிர்த்திக் கட்டி, நானே பக்கத்தில் பிடித்துக்கொண்டு வந்தேன். கடலும் அன்றைக்குக் குளத்துத் தண்ணீர்போலக் கிடந்தது.

போன கிழமை நடந்ததை எழுதவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நல்ல மீன்பாடு. விளைமீனும் ஓராவும் பெட்டி நிறைய. பாதி வழியில், வெட்டைவெளிக்கு நடுவே, இஞ்சின் ஒருமுறை விக்கி நின்றது. உதைத்தேன், உதைத்தேன், கால்தான் வீங்கியது. தீவில் தன்பாட்டில் திரிகிற கட்டாக்காலிக் குதிரைகள் சுற்றி நின்று பார்த்தன. அதில் ஒன்றைப் பிடித்துப் பெட்டியைக் கட்டியிருந்தால் படகைப் பிடித்திருப்பேன். தள்ளிக்கொண்டு துறைக்குப் போனபோது படகு கடலில் புள்ளியாகத் தெரிந்தது. மத்தியானம் மீன் வயிறு வெடித்து மணக்கத் தொடங்கியது. நாய்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனது. கிடங்கு வெட்டி மண்ணுக்குள் தாட்டேன். அந்த நாற்றம் இன்னும் என் கையைவிட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் உங்கள் கடைக்குக் கொண்டு வந்தேன். நீ சாப்பிடப் போய்விட்டாய் என்றார்கள். கடை பூட்டும்வரை நீ சாப்பிட்டு முடிக்கவில்லை. உங்கள் மெக்கானிக் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தீவாரோ? மண்ணெண்ணெய் விட்டு ஓடியிருப்பியள். பெற்றோல் இல்லாத சண்டைக்காலத்துப் பழக்கம் விடாதுதானே."

"நீர் கண்ணாலை கண்டனீரோ?"

"காணத் தேவையில்லை, மணக்குது."

"அது மீன் மணம் அண்ணை!"

கடையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். பிளக்கை மட்டும் மாற்றிவிட்டு ஓடிப் பார்க்கச் சொன்னார். புங்குடுதீவுப் பாலத்தில் திரும்பவும் நின்றது. நீ அங்கே இருந்திருந்தால் இப்படி நடந்திராது என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். எங்கே போயிருந்தாய் மச்சான்?

இப்படிக்கு,
டெனிஸ்ரன்

அன்ரனிட்டாவின் படம் இதனுள் இருக்கிறது.


குருநகர்,
30.10.2003

பிரியமுள்ள மச்சானுக்கு,

நலம், நலமே வேண்டுகிறேன். படம் கிடைத்தது. அம்மா அதைப் புதுமை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறா.

பதில் பிந்தியதற்குக் குறைவிளங்க வேண்டாம். தீபாவளி வியாபாரத்தில் மூச்சு விட நேரமில்லை. நீ வந்த அன்று நான் வங்கியில் மாட்டுப்பட்டுவிட்டேன். அந்த மெக்கானிக்கை நான் நன்றாக ஏசினேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. கொழும்பிலிருந்து பெரிய மெக்கானிக் வருகிறார். வண்டியைக் கொண்டுவந்து கடையில் விட்டுவிடு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கவலையை என்னிடம் தந்துவிட்டு நீ நிம்மதியாகப் படு.

கொண்டு வரும்போது கவனம். கடல் இப்போது கொந்தளிப்புத்தானே, எப்படியும் நனையத்தான் செய்யும்.

உன்
றஜீபன்


நெடுந்தீவு,
15.11.2003

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்களும் மாமா மாமியும் தேக சுகத்தோடு இருக்க மாதாவை வேண்டுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். பாலர் பாடசாலையில் நத்தார் பாலன் பிறப்பு விழாவுக்குப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்குகிறேன். அம்மாவுக்கு இப்போது கண் தெளிவாகத் தெரிவதில்லை. உங்கள் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அதனால் உங்கள் எழுத்து எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

மோட்டார் சைக்கிளைப்பற்றி நான் இதுவரை எழுதியதில்லை. அது ஆம்பிளைகளின் விசயம் என்று இருந்தேன். இப்போது எழுதுகிறேன். அண்ணை அதை உங்கள் கடையில் விட்டு இன்றோடு இரண்டு கிழமையாகிறது. மழை தொடங்கிவிட்டது. சைக்கிளில் பெட்டியோடு சேற்றில் விழுந்து முழங்கையை உரித்துக்கொண்டு வந்து நிற்கிறார். மஞ்சள் பூசச் சொன்னால் எரிந்து விழுகிறார். ஆனால் உங்களைப்பற்றி ஒரு சொல் வெளியில் விடுவதில்லை. அம்மா ஏதாவது தொடங்கினாலும், "மாப்பிள்ளை பகுதியோடை கொழுவக்கூடாதம்மா, பேசாமல் இருங்கோ" என்று வாயை மூடிவிடுகிறார். வேறு கடையில் வாங்கியிருந்தால் அங்கே போய் நின்று சத்தம் போட்டிருப்பார். பெண் வீட்டுக்காரர் என்றபடியால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார். என்னால்தான் அவருக்கு இந்த வாய்க்கட்டு என்று நினைக்கும்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். திருத்தித் தரச் சொல்லி உங்கள் முதலாளியிடம் நீங்கள் வாய் திறந்து கேட்டீர்களா?

பதிலைப் பார்த்திருக்கும்
அன்ரனிட்டா


குருநகர்,
27.11.2003

மச்சான் டெனிஸ்ரனுக்கு,

அனைவரும் நலமென நம்புகிறேன். இங்கு அப்பாவுக்குக் கொஞ்சம் தடிமனும் தும்மலும், வேறு குறையில்லை. அன்ரனிட்டாவின் கடிதமும் கிடைத்தது. வேலை மும்முரம், பிறகு ஆறுதலாக எழுதுவதாகச் சொல்லவும்.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாசி. இஞ்சினைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே உப்புப் பூத்திருக்கிறது. பிஸ்ரன் இறுகி, உட்பக்கமெல்லாம் துருவேறிக் கறள். இது தெறித்த தண்ணீர் இல்லையாம். வண்டி முழுதாகக் கடலுக்குள் விழுந்து எழும்பியிருக்கிறது என்று பெரிய மெக்கானிக் அடித்துச் சொல்கிறார். கடலில் விழுத்திய வண்டிக்கு வொறன்ரி இல்லை. இது கம்பனிச் சட்டம். உனக்காக நான் முதலாளியின் காலில் விழாத குறையாகக் கதைத்தேன். "உங்கடை சொந்தக்காரர் உங்களுக்கே பொய் சொல்லுறார்" என்று அவர் எனக்கு ஏசினார். கடை முழுக்க என் மானம் போனது.

மச்சான், விழுத்தியிருந்தால் விழுத்தியது என்று என்னிடமாவது சொல்லியிருக்கலாம். நான் பிறத்தி ஆள் இல்லையே. பிரித்த இஞ்சினைத் திரும்பப் பூட்டி வைத்திருக்கிறோம், வந்து எடுத்துக்கொண்டு போ.

றஜீபன்


நெடுந்தீவு,
08.12.2003

மச்சான் றஜீபனுக்கு,

சுகம் விசாரித்து எழுதுகிற மனநிலையில் நான் இல்லை. மாமாவின் தடிமன் மாறட்டும்.

பத்து வயதிலிருந்து கடலில் நிற்கிறேன். வள்ளம், வலை, இஞ்சின், என்னையே நம்பி ஏறிய சனம், ஒன்றையும் நான் கடலுக்குள் விழுத்தியதில்லை. என் மோட்டார் சைக்கிளை விழுத்திவிட்டு உனக்கு ஒளித்தேனாம். உன் கடிதத்தை அன்ரனிட்டா அம்மாவுக்கு வாசிக்கும்போது நான் எழும்பி வெளியே போய்விட்டேன்.

கடைக்கு வந்து எடுத்தபோது நீ கண்ணாடி அறைக்குள் தொலைபேசியில் இருந்தாய். கையை மட்டும் காட்டினாய். பெரிய மெக்கானிக் எங்கே என்று கேட்டேன். அப்படி ஒருவர் வரவே இல்லை என்றான் கடை கூட்டுகிறவன். போகட்டும்.

இங்கே இப்போது வேறொரு வில்லங்கம். அன்ரனிட்டாவும் அம்மாவும் சீற்றைக் கழற்றித் துடைத்தார்கள். கீழே, கம்பியில், மஞ்சள் பூசிய நூல் ஒன்று முடிச்சுப்போட்டுக் கட்டியிருக்கிறது. அதில் ஒரு மஞ்சள் துண்டு. பக்கத்து இடுக்கில் இறுகிக் காய்ந்துபோன தேசிக்காய்த் தோல், குங்குமக் கறையும் மங்கலாகத் தெரிகிறது. அம்மா குளறத் தொடங்கிவிட்டா. "ஆரோ செய்வினை செய்துபோட்டாங்கள். என்ரை பிள்ளையின்ரை கலியாணத்தைக் குழப்பத்தான்!" அவவுக்கு உடனே நினைவு போனது பக்கத்து வீட்டுக் கத்தரீனாக்காவில். அவவின் மகனுக்கு அன்ரனிட்டாவைக் கேட்டு நாங்கள் கொடுக்கவில்லைத்தானே. கிணற்றடியில் வைத்து வாயில் வந்தபடி ஏசிவிட்டா. அந்த மனுசி வாளியைப் போட்டுவிட்டு அழுதுகொண்டு போனது.

எனக்குச் செய்வினையில் நம்பிக்கையில்லை. ஆனால் இது எப்படி வந்ததென்றும் விளங்கவில்லை. உங்கள் கடையில் யாராவது கட்டுவார்களா? விசாரித்து எழுது.

டெனிஸ்ரன்


குருநகர்,
12.12.2003

என் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மாமிக்கு,

கர்த்தர் உங்களைக் காப்பாராக. கடிதம் கண்டவுடன் எழுதுகிறேன். மாமி, நீங்கள் சொல்வதுதான் சரி. இதெல்லாம் வெறும் கதையென்று நான் முன்பு சிரித்ததுண்டு. இப்போது எனக்கும் பயமாக இருக்கிறது. எங்கள் கடையில் இப்படி ஒன்றும் கட்டுவதில்லை. இது எங்கள் கலியாணத்தில் பொறாமைப்படுகிறவர்களின் வேலையேதான். நீங்கள் சந்தேகப்படுகிற ஆட்களில் எனக்கும் சந்தேகம்தான்.

அந்த நூலை யாருக்கும் காட்டவேண்டாம். வீட்டில் ஒரு நிமிடமும் வைத்திருக்கக்கூடாது. தேசிக்காய்த் தோலையும் சேர்த்துக் கட்டி நடுக்கடலில் எறியச் சொல்லுங்கள். எறிந்துவிட்டு எனக்கு உடனே அறிவியுங்கள். அதுவரை எனக்கு நித்திரை வராது.

நத்தார் வாழ்த்துக்கள்.

உங்கள் மருமகன்
றஜீபன்


நெடுந்தீவு,
06.01.2004

றஜீபனுக்கு,

நாங்கள் சுகம். நீர் சுகமாக இருப்பீர், உமக்கென்ன.

சனிக்கிழமை நடந்ததை நீர் கண்ணாடிக்குள்ளால் பாதிதான் பார்த்தீர். மீதியை எழுதுகிறேன். கலியாணச் சீலை பார்க்க அன்ரனிட்டா யாழ்ப்பாணம் வரவேண்டியிருந்தது. அப்படியே மோட்டார் சைக்கிளை ரவுணில் வேறொரு கராச்சில் காட்டுவோம் என்று ஏற்றிக்கொண்டு வந்தேன். குறிகட்டுவான் துறையில் இறக்க ஆள் போதவில்லை. நயினாதீவுப் படகில் நிற்கிற தம்பிஐயா அண்ணை ஒரு கை கொடுக்க வந்தார். பின்பக்கத்தைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, இதை எங்கை வாங்கினனீர்?"

"ஏன் அண்ணை?"

"இதுக்கு நானெல்லே கயிறு கட்டித் தூக்கினனான்! இந்தா பாரும், கம்பியிலை கயிறு வெட்டின அடையாளம். ஆனித் திருவிழா நேரம் நயினாதீவு அம்மாள் கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டு போச்சினம். நம்பர்கூட வரேல்லை, அப்பிடிப் புதுசு. பூசை முடிஞ்சு திரும்பி வரேக்கை இந்தத் துறையிலை நழுவித் தண்ணிக்குள்ளை விழுந்திட்டுது. இரவு முழுக்க உள்ளுக்கை கிடந்தது."

அன்ரனிட்டா கைப்பையைத் திறந்து அந்த நூலை எடுத்தாள். கடலில் எறிந்துவிட்டேன் என்று அவள் சொன்னதை நானும் அம்மாவும் நம்பியிருந்தோம்.

"ஓம் பிள்ளை, உது கோயில் நூல். புது வாகனத்துக்குக் கட்டுறது" என்றார் தம்பிஐயா அண்ணை. பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. "அடுத்தநாள் கடையிலையிருந்து ஒரு தம்பி லொறியோடை வந்து, பாத்து, தானே ஏத்திக்கொண்டு போனவர். குருநகர்ப் பெடியன் எண்டு சொன்னவர். போட்டிருந்த சேட்டிலை கம்பனிப் பேர் அடிச்சிருந்தது."

தன் லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில் மோட்டார் சைக்கிளையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு அவரே சரவணைக் கிராமத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே அதை முதலில் வாங்கின ஐயாத்துரை என்று ஒரு பெரியவர், வயல் தோட்டம் உள்ளவர். உங்கள் முதலாளிக்கு வேண்டியவராம். அவருக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் வேறு புதிது கொடுத்திருக்கிறீர்கள். "பழசை என்ன செய்தவையெண்டு நான் கேக்கேல்லைத் தம்பி" என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வருவதற்கு அவருக்கு மனமில்லை. அவருடைய மனுசி இலட்சுமிப்பிள்ளை குசினியிலிருந்து வந்து நூலை வாங்கிப் பார்த்தா.

"இது நான் கட்டின முடிச்சு. அம்மாளின்ரை நூலைக் கட்டி விட்டதை, கடலிலை விழுந்ததெண்டு தெரிஞ்சும் ஏழைச் சனத்தின்ரை தலையிலை கட்டியிருக்கிறாங்களே! நீங்கள் வராட்டி இருங்கோ. நான் போறன்."

அதற்குப் பிறகு நடந்தது உமக்குத் தெரியும். கடை நிறையச் சனம். அந்த அம்மா நடுவில் நின்று கேட்ட கேள்விக்கு உங்கள் முதலாளி ஏதோ முணுமுணுத்தார். மோட்டார் சைக்கிள் பார்க்க வந்த இரண்டு பேர் மெல்ல வெளியே நழுவினார்கள். நான் உம்முடைய கடிதத்தை எடுத்து நீட்டினேன். "ஐயா, உள்ளுக்கை உப்பு எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். உண்மைதான். உங்கடை கடையிலையிருந்து வரேக்கையே அது உப்போடைதான் வந்தது" என்றேன். பதினைந்து நிமிசத்தில் புதுசு வெளியே வந்தது. மூன்று மாதம் தலைகீழாக நின்றும் நடக்காதது.

அப்போது நீர் எங்கே இருந்தீர்? தொலைபேசியை வைத்துவிட்டு, எங்களைப் பார்த்துவிட்டு, பின் கதவால் போனீர். நான் பார்த்தேன். அன்ரனிட்டாவும் பார்த்தாள். சீலைக் கடைக்கு அவள் வரவில்லை என்றுவிட்டாள்.

என் மீனைத் தாட்டபோது வந்த நாற்றம் உம்முடைய கடிதங்களை நினைக்க வருகிறது. தங்கச்சிக்காக இன்னும் வாயை அடக்குகிறேன்.

டெனிஸ்ரன்


குருநகர்,
16.01.2004

பிரியமுள்ள மச்சானுக்கு,

உங்கள் எல்லோரின் நலத்துக்கும் என் வாழ்த்துக்கள். அப்பா சுகம். எல்லாவற்றையும் கேள்விப்பட்டுக் கொஞ்சம் மனவருத்தம், வேறொன்றுமில்லை.

புது வண்டி எப்படி ஓடுகிறது? அன்றைக்கு நான் பின் கதவால் போனது எதற்கென்று நினைக்கிறாய்? களஞ்சியத்தில் உள்ளதில் நல்லதாகப் பார்த்து எடுத்து வைக்கத்தான். முதலாளியிடம் நான் ஏற்கெனவே சண்டை பிடித்திருந்தபடியால்தான் அவர் சட்டென்று தந்தார். இது வெளியில் தெரியாது. தெரியவேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

அந்தப் பழைய வண்டியைப்பற்றி... மச்சான், சம்பளக்காரன் என்ன செய்ய முடியும்? கழுவி, ஒயில் மாற்றி, ஓட்டிப் பார்த்தோம், ஓடியது. முதலாளி விற்கச் சொன்னார். வேறு யாருக்கும் கொடுத்திருந்தால் கடையோடு சண்டைக்கு வந்திருப்பார்கள். நீ என் ஆள், பொறுத்துப் போவாய், பிரச்சினை வந்தால் நான் பார்த்துச் சமாளிக்கலாம் என்றுதான் உனக்குத் தந்தேன். உன்னில் உள்ள நம்பிக்கையால் செய்தது.

இனி அதைக் கிளறவேண்டாம். வருகிற ஞாயிறு 25ஆம் திகதி கோயிலில் முதலாவது கலியாண அறிவித்தல் வாசிக்க இங்கே எங்கள் சுவாமியாரிடம் சொல்லிவிட்டோம். அங்கேயும் அப்படியே வாசிக்க ஒழுங்கு செய்யவும். அன்ரனிட்டாவைச் சீலையை எடுக்கச் சொல்லு.

உன்
றஜீபன்


நெடுந்தீவு,
22.01.2004

அன்புள்ள அத்தானுக்கு,

மாமாவும் மாமியும் சுகமாக இருக்கவேண்டும். அதை மனமார மன்றாடுகிறேன். நாங்கள் சுகம். புது மோட்டார் சைக்கிள் நன்றாக ஓடுகிறது. அண்ணை ஒருநாளும் படகைத் தவறவிடவில்லை.

அண்ணைக்கு நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு நான்தான் வாசித்தேன். "பொறுத்துப் போவாய்" என்ற இடத்தில் அம்மா திரும்ப வாசிக்கச் சொன்னா. திரும்ப வாசித்தேன். பிறகு அவ எழும்பிக் கத்தரீனாக்கா வீட்டுக்குப் போனா. நானும் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அம்மா வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டா. கத்தரீனாக்கா கதிரையைத் தூக்கிப் போட்டு, "இருங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டு அழுதா. நூல் எங்கேயிருந்து வந்ததென்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, அந்த மனுசியில் உங்களுக்கும் சந்தேகம் என்று எழுதினீர்கள். மோட்டார் சைக்கிளை விற்கச் சொன்னது உங்கள் முதலாளி. இதை எழுதச் சொன்னது யார் அத்தான்?

முதலாளியிடம் வாய் திறந்து கேட்டீர்களா என்ற என் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. மற்றப் பதில்களுக்கெல்லாம் நாங்கள் கிழமைக்கணக்கில் காத்திருந்தோம். நூல் என்றதும் நாலாம் நாள் எழுதினீர்கள். மந்திரம் மாயத்தில் நம்பிக்கையில்லாத நீங்கள் அதைக் கடலில் எறியச் சொல்லிக் கெஞ்சினீர்கள். அன்றைக்குத்தான் நான் அதை எறியாமல் பைக்குள் வைத்தேன். அப்போதும் உங்களில் தப்பு இருக்கும் என்று நினைக்கவில்லை. இருக்கக்கூடாது என்று செபம் செய்துகொண்டுதான் வைத்தேன். உங்கள் முதல் கடிதத்தை வாசித்தபோது, படகில் நனைந்ததா என்று இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று எனக்குச் சந்தோசம், மனதுக்குள் ஒரே புளுகம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதனால்தான் படத்தை அனுப்பச் சம்மதித்தேன்.

நேற்றுச் சுவாமியாரிடம் போய் அறிவித்தல் வாசிக்கவேண்டாம் என்றேன். "அவைதான் புது மோட்டச்சைக்கிள் தந்திட்டினமே பிள்ளை, இனியென்ன?" என்று கேட்டார். "தந்தது கம்பனி சுவாமி. நான் கம்பனியையே கட்டப்போறன்?" என்றேன். அண்ணை நான் வந்து சொன்னதும் வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றார். அழுதார் என்று நினைக்கிறேன். பிறகு வந்து, உங்களை எத்தனை மாதமாக ஏச நினைத்தாரோ அத்தனையையும் ஏசி முடித்துவிட்டுச் சோறு கேட்டார்.

என் படத்தை மாமியிடம் சொல்லி மாதாவுக்குப் பக்கத்திலிருந்து எடுத்து அனுப்பிவிடுங்கள். நிச்சயத்துக்கு நீங்கள் போட்ட மோதிரத்தை இந்தக் கடிதத்தோடு தம்பிஐயா அண்ணையிடம் கொடுத்துவிடுகிறேன். அதில் கட்டியிருப்பது இலட்சுமிப்பிள்ளை அம்மா முடிச்சுப்போட்ட அதே நூல்தான். படகில் நனைந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். நனையாமல் இரண்டு பொலித்தீனில் சுற்றித்தான் தந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
டெனிஸ்ரனின் தங்கச்சி
அன்ரனிட்டா